வெளியே நிற்பவர்

"மோசேயோட சட்டத்துல எனக்கு என்ன இருக்கு, சொல்லுங்க. ஆட்டுக்கொழுப்பும் சுவத்துப் பூசணமும்! கிறிஸ்து வந்தபிறகும் அதையெல்லாம் நான் ஏன் சுமக்கணும்?"

மாசிலாமணி ஐயர் வாசலைத் தாண்டும் முன்பே கேட்டுவிட்டார்.

அந்தப் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் ஜெபம் பண்ணியவர். அவருக்கு இப்போது ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினார், கழற்றிக்கொண்டே நடந்தார்.

பரிபூரணம் அம்மாள் பாயை விரித்துப் போட்டார்.

தேரிக்காட்டுச் செம்மணலுக்கு நடுவே ஓடு போட்ட சின்ன ஜெபவீடு அது. அம்மாள் ஐயரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். எபிரெயு படித்தவர். குருமார்களுக்குப் பழைய ஏற்பாடு சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தார். ஒரு நாள், 'போதும்' என்று எழுந்து இங்கே வந்துவிட்டார்.

தேடி வருகிறவர்களுக்கு அம்மாள் எண்ணெய் பூசுவதில்லை, தலையில் கை வைப்பதில்லை. பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு சட்டத்தைச் சொல்வார். "போய் இதைக் கைக்கொண்டு பாருங்க" என்பார். ஒருத்தருக்கு ஒன்றுதான். தலைகீழாக நின்றாலும் இரண்டாவது கிடைக்காது.

கல்யாணச் சமையல்காரர் ஒருவருக்கு, போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற சட்டம் கிடைத்தது. மனுஷன் யோசித்து யோசித்து, அடுத்த கல்யாணத்தில் முதல் பந்திக்குத் தன் ஆட்களை உட்கார வைத்துவிட்டார். பெண்வீட்டார் குதித்த குதி ஊருக்கே தெரியும்.

"உக்காருங்க, ஐயா."

ஐயர் உட்காரவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி சுவருக்குச் சுவர் நடந்தார்.

"உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒரு வார்த்தை."

"யாருகிட்டருந்து?"

நடை நின்றது.

"என் மககிட்டருந்து."

*

மகள் பெயர் எப்சிபா. தாயில்லாமல் வளர்ந்த ஒரே பெண்.

அவள் இசக்கிராஜ் என்பவனை ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான். நல்ல பையன். வேதக்காரன் இல்லை, இந்துப் பையன், அவ்வளவுதான்.

சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. அப்படிக் கல்யாணம் பண்ணியவர்களுக்குத் திருவிருந்து கிடையாது, அப்பமும் ரசமும் தரமாட்டார்கள். சபை முன்னால் வந்து நின்று மன்னிப்புக் கேட்டால் தடை நீங்கும். தடை போடும்போது பெயரை எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள். வாசிக்க வேண்டியவர் ஐயர்.

வாசித்தார். குரல் நடுங்கவில்லை.

"பெத்த மகள்னு பாக்கலையே, எங்க ஐயர் ஐயர்தான்" என்று ஊர் மெச்சியது. அன்றைக்கு ஐயருக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"எனக்கு மாத்தல் வந்தாச்சு, அம்மா. வார ஞாயித்துக்கிழமை இந்தச் சபையில எனக்குக் கடைசித் திருவிருந்து. புதுசா வார ஐயருக்கு அவளை யாருன்னே தெரியாது. அதுக்குள்ள அவ வந்து ஒரு வார்த்தை சொல்லிரணும். என் கையால அவளுக்கு அப்பம் குடுத்துட்டுப் போயிருவேன்."

"போய்க் கேட்டீங்களா?"

"கேக்காமயா? வீடு சந்திப்புக்குப் போற மாதிரியே போவேன். நேரா உள்ள போய் உக்காந்து, வேதம் வாசிச்சு, ஜெபம் பண்ணிட்டுக் கேப்பேன். அவ அடுப்படிய விட்டு வெளிய வரமாட்டா. மருமகன் பின்வாசல் வழியா கடைக்கு ஓடிருவான்."

"கதவைத் தட்டிட்டுத்தான் போவீங்களா?"

ஐயருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

"ஐயர் எதுக்கம்மா கதவைத் தட்டணும்?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஊரில் ஐயர் தட்டித் திறந்த கதவு ஒன்றுகூட இல்லை. சோறு வடிக்கிற நேரமானாலும் சண்டை போடுகிற நேரமானாலும் ஐயர் நுழைந்தால் நுழைந்ததுதான்.

அம்மாள் வெளி மணலைப் பார்த்தார். பிறகு ஐயருக்கான சட்டத்தைச் சொன்னார்.

"ஒருத்தனுக்குக் கடன் குடுத்திருக்க. அடகு வாங்கப் போற. அவன் வீட்டுக்குள்ள நுழையாத. வெளிய நில்லு. குடுக்க வேண்டியதை அவனே வெளிய கொண்டாருவான். அவன் ஏழையா இருந்து போர்வையைத் தந்தான்னா, பொழுது சாயும் முன்ன அதைத் திருப்பிக் குடுத்திரு."

ஐயருக்குத் தெரியாத சட்டமா?

எப்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடும்ப ஜெபத்தில் ஒரு நாள் இதை வாசித்தார்கள். பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. "அந்த ஆளுக்கு வேற போர்வை இல்லையாப்பா? அதையும் குடுத்துட்டா ராத்திரி எதைப் போத்திக்கிட்டு உறங்குவாரு?"

"இதே கேள்வியைக் கர்த்தரும் கேட்டிருக்காரு, ஏட்டி" என்று ஐயர் சிரித்தார்.

கடவுளும் தானும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்ட சந்தோஷத்தில் பிள்ளை அன்றைக்குத் தூங்கவே இல்லை. "அது பழைய சட்டம்மா, நமக்கில்ல" என்று சொல்லித்தான் ஐயர் விளக்கை அணைத்தார்.

"இது கடன்காரங்களுக்குச் சொன்னதில்லையா, அம்மா? என் மக எனக்குப் பணமா தரணும்?"

"என்ன தரணும்னு நீங்கதான் சொன்னீங்க."

ஐயர் குடையைக் கையில் எடுத்தார்.

"போய் வெளிய நில்லுங்க, ஐயா."

*

நின்றார்.

எப்சியின் வீட்டுக் கேட்டுக்கு வெளியே, தெருவில், வெள்ளை வேட்டியும் கையில் வேதப்புத்தகமுமாக நின்றார். கால் மாற்றி நின்றார். புத்தகத்தைக் கை மாற்றினார். நிற்பது என்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. அவர் நின்றால் எதிரே நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே எதிரே இருந்தது ஒரு பச்சைக் கதவு.

"ஐயா, வழி தப்பிட்டீங்களா?" என்று சைக்கிளில் போனவர் கேட்டார்.

"இல்லப்பா."

"அப்ப உள்ள போங்க."

"போகக்கூடாது."

சைக்கிள்காரர் குழப்பத்தோடு மிதித்துக்கொண்டு போனார்.

குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது ஐயர் காதில் நன்றாகவே விழுந்தது. "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டாம்பாங்க. இப்ப பூசாரியே வந்து தெருவுல நிக்காரு பாரு."

உள்ளே குக்கர் விசில் அடித்தது. மிக்சி ஓடி நின்றது. ஜன்னல் திரை ஒரு தடவை அசைந்தது. யாரும் வரவில்லை.

மறுநாளும் போனார். பொறுக்க முடியாமல் சத்தம் போட்டார். "எப்சி! நான் உள்ள வரமாட்டேன். நீயே கொண்டு வா!"

திரைகூட அசையவில்லை.

*

"நின்னேன்" என்றார் ஐயர். மூச்சு வாங்கியது. "சட்டப்படி நின்னேன். ஊர் சிரிச்சதுதான் மிச்சம். இதுக்குத்தான் சொன்னேன், பழைய சட்டம் செத்த சட்டம்னு."

பரிபூரணம் அம்மாள் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சட்டத்துல எத்தனை பேரு, ஐயா?"

"ரெண்டு பேரு. குடுத்தவன் ஒருத்தன், வாங்கினவன் ஒருத்தன்."

"அதுல நீங்க யாரு?"

"இது என்ன கேள்வி? குடுத்தவன்தான். வளர்த்தேன், படிக்க வச்சேன். எனக்குத்தானே வரவேண்டியிருக்கு?"

அம்மாள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். ஐயரைத் தாண்டி வெளியே போனார். உச்சி வெயிலில், செருப்பில்லாமல், கொதிக்கிற மணலில் வாசலைப் பார்த்து நின்றார்.

ஐயர் வீட்டுக்குள் தனியாக இருந்தார்.

"அம்மா, என்ன இது? மணல் கொதிக்குது. உள்ள வாங்க."

அம்மாள் வரவில்லை. ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின்மேல் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கால் மாற்றினார்.

"உங்க வீட்டுக்குள்ள நான் நிக்க, நீங்க வெளிய நிக்கதா? நல்லாவா இருக்கு?"

அம்மாள் மறுபடியும் கால் மாற்றினார்.

"நான் என்ன செய்யணும்? அதையாவது சொல்லுங்க!"

அம்மாள் ஐயரின் கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. கைகளை மட்டும் பார்த்தார்.

ஐயருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்க வந்தவனைக் கிறுக்கனாக்குகிறார்கள் என்று நினைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று அம்மாளைக் கடந்து போனார்.

"குடைய மறந்துட்டீங்களே, ஐயா" என்றார் அம்மாள். "வெளிய நல்ல வெயில்."

*

சனிக்கிழமை சாயங்காலம் மறுபடியும் பச்சைக் கதவுக்கு முன்னால் நின்றார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டில் சாமான்களெல்லாம் கட்டியாகிவிட்டது. உட்கார நாற்காலிகூட இல்லை.

இசக்கிராஜ் கடையிலிருந்து வண்டியில் வந்தான். மாமனாரைப் பார்த்ததும் பிரேக்கைப் பிடித்தான். எப்போதும் பின்வாசல் வழியாகத் தப்புகிறவன், இன்றைக்கு முன்வாசலில் மாட்டிக்கொண்டான்.

"ஐயா... மாமா... உள்ள வாங்க."

"இல்ல. நான் வெளியதான் நிக்கணும்."

உள்ளே ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இங்கனயாவது உக்காருங்க."

"வேண்டாம்ப்பா."

இசக்கிராஜுக்கு எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பேசாமல் இருந்தால் இன்னும் மோசமாக இருக்கும்போல் தோன்றியது. அதனால் பேசினான்.

"அப்பனும் மகளும் ஒரே அச்சு, மாமா. அவளும் இப்படித்தான். உக்காரச் சொன்னா உக்கார மாட்டா. உள்ள போடின்னா போகமாட்டா."

"எங்க?"

"உங்க கோயில்லதான்."

ஐயர் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டுக்கு வெளிய ஒரு வேம்பு நிக்குல்லா? அப்பம் குடுக்குற ஞாயிறெல்லாம் அங்கதான் நிப்பா. நான்தான் வண்டில கொண்டு விடுவேன். உங்க சத்தம் மைக்குல நல்லா கேக்கும். எல்லாரும் எந்திரிச்சு அப்பம் வாங்கப் போகையில அவ கிளம்பிருவா."

"எப்ப இருந்து?"

"நீங்க பேரு வாசிச்சதுலருந்துதான்."

ஐயர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் நிற்கும் இடம் பலிபீடம். அங்கிருந்து பார்த்தால் ஜனங்கள் தெரிவார்கள், கதவு தெரியும். வேம்பு தெரியாது.

"எதுக்கு... எதுக்கு நிக்கா?"

"நானும் கேட்டேன், மாமா. 'எங்கப்பா வெளிய வருவாரு'ன்னா."

சொல்லிவிட்டு இசக்கிராஜ் பயந்துபோனான். மாமனார் முகம் அப்படி ஆகிவிட்டது.

"மாமா? தண்ணி கொண்டாரட்டா?"

ஐயர் தன் வீட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டுக் கூடத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். ஒரு காலண்டர் படம் மட்டும் மீதி இருந்தது. மூடின கதவுக்கு வெளியே இயேசு நின்று தட்டுகிற படம். அந்தப் படத்தை வைத்து ஐயர் எத்தனையோ பிரசங்கம் பண்ணியிருக்கிறார். "உன் கதவு, உன் கதவு" என்று பெஞ்சுகளைப் பார்த்து விரலை நீட்டியிருக்கிறார்.

ஐயருக்கு அழுகை வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அறுபது வயதை எட்டப்போகிற மனுஷனுக்கு, காது மடல் சுடுகிற அளவுக்கு வெட்கம்.

*

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பியிருந்தது. ஐயருக்குப் போர்த்த வாங்கிய சால்வை முன் பெஞ்சில் தயாராக இருந்தது.

பாட்டு முடிந்தது. அப்பமும் பாத்திரமும் வெள்ளைத் துணிக்குக் கீழே இருந்தன. ஐயர் அழைப்பை வாசிக்க ஆரம்பித்தார். மனந்திரும்பி, அயலாரோடு சமாதானமாயிருக்கிறவர்கள் கிட்ட வரலாம் என்பதுதான் அந்த அழைப்பு. முப்பது வருஷமாகப் பார்க்காமலே சொல்லிவந்த வார்த்தைகள்.

"அயலாரோடு..." என்றார்.

அதற்குமேல் வரவில்லை.

சபை காத்திருந்தது. யாரோ இருமினார்கள். ஐயர் புத்தகத்தை மூடினார். பலிபீடத்தின் படிகளில் இறங்கினார். நடுப்பாதையில் நடந்தார்.

கோயில்பிள்ளை பதறிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். மணி அடிப்பதிலிருந்து விளக்கு ஏற்றுவதுவரை எல்லாம் அவர் பொறுப்பு. ஐயர் எதையோ கேட்கப்போகிறார் என்று நினைத்துவிட்டார்.

"ஐயா, என்ன வேணும்? நான் எடுத்துட்டு வாரேன்."

"இல்ல தம்பி. நான்தான் கொண்டு போகணும்."

வெளியே வெயிலில் கண் கூசியது. கேட்டைத் தாண்டினார்.

வேப்பமரத்தடியில் எப்சிபா நின்றுகொண்டிருந்தாள். தலையில் முக்காடு. சற்றுத் தள்ளி வண்டியில் இசக்கிராஜ். அப்பாவைக் கண்டதும் அவள் ஓர் அடி பின்வாங்கினாள்.

ஐயர் அவளுக்கு முன்னால் நின்றார்.

அப்போதுதான் அவர் தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் வெறுங்கை.

நின்ற இடத்திலேயே தன் ஆராதனை அங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். விரல்கள் அவசரப்பட்டன, ஒரு பொத்தான் அறுந்து விழுந்தது. அங்கிக்குள்ளே காலர் நைந்த பழைய சட்டை. கோயில் ஜன்னலெல்லாம் தலைகளாக இருந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை.

அங்கியை மடித்தார். இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினார்.

"நீ இங்க நிக்கது எனக்குத் தெரியாமப் போச்சு, எப்சி."

அவள் முக்காட்டை இழுத்துப் பிடித்தாள்.

"நான்தான் தரணும். என்கிட்ட இதைத் தவிர ஒண்ணுமில்ல, தாயி."

எப்சிபா அதை வாங்கினாள். கல்யாணத்துக்கு முன்பு வாராவாரம் அதற்கு இஸ்திரி போட்டவள் அவள்தான். இப்போது அது கசங்கிக் கிடந்தது. ஒரு சுருக்கத்தின்மேல் அவள் பெருவிரல் தன்னையறியாமல் போய் அழுத்தித் தேய்த்தது.

வெகுநேரம் அப்படியே வைத்திருந்தாள். ஐயருக்குக் கால் மாற்றக்கூடத் தோன்றவில்லை.

பிறகு அங்கியை உதறி விரித்தாள். எட்டி, அப்பாவின் தோள்மேல் போட்டாள்.

"இதை நான் வாங்கி வச்சுக்கிட்டா," என்றாள், "ராத்திரி எதைப் போத்திக்கிட்டுப்பா உறங்குவீங்க?"